தவறை மறைக்காத சிறகுகள்: இரட்டைச் சிறகுப் பயிற்சி விமானங்களும் நமது வானமும்

1913ஆம் ஆண்டு தை மாதத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் பெண்களுக்கான கல்லூரியைத் தொடக்கிவைத்தார். அதே ஆண்டு செப்டெம்பரில், இங்கிலாந்தில் அவ்ரோ 504 என்னும் இரட்டைச் சிறகு விமானம் முதன்முதலாக வானேறியது. கல்லூரி நூற்றாண்டைக் கடந்து நடக்கிறது. அந்த விமானம் ஒரு தலைமுறை விமானிகளுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. பறக்கக் கற்பிப்பது எப்படி என்பதையே மாற்றிவிட்டுத்தான் அது வானிலிருந்து இறங்கியது.

யாழ்ப்பாணத்தார் விமானத்தைப் பெரும்பாலும் கீழே நின்றே அறிந்தவர்கள். போர்க்காலத்தில் பங்கர் வாசலில் நின்று, வரும் ஒலியை வைத்தே, தாம் வழங்கிய பெயர்களில், அது சகடையா, சியாமாசெட்டியா, பொம்பரா என்று பிரித்தறிந்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. விமானத்தை உள்ளே இருந்து அறிந்தவர்களின் கதை, அதுவும் அவர்கள் முதல்முதலாகக் கைவைத்த சிறிய விமானங்களின் கதை, தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. ஒரு வான்படை எப்படி உருவாகிறது என்பதை அறிய விரும்புபவர் அதன் போர் விமானங்களைப் பார்ப்பதற்கு முன் அதன் பயிற்சி விமானங்களைப் பார்க்க வேண்டும். இக்கட்டுரை அந்தப் பார்வையை யாழ்ப்பாணம், சென்னை, ரத்மலானை என்ற மூன்று இடங்களுக்கும் பொருத்திப் பார்க்கிறது.

ஏன் இரண்டு சிறகு?

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பெட்டிப் பட்டத்தைக் கவனித்தவருக்கு இரட்டைச் சிறகு விமானத்தின் அடிப்படை ஏற்கெனவே தெரியும். மெல்லிய குச்சிகளும் தாளும் தனித்தனியே வலுவற்றவை. அவற்றை மேலும் கீழுமாக வைத்து, நிமிர்ந்த குச்சிகளாலும் குறுக்கே இழுத்துக் கட்டிய நூலாலும் பெட்டியாக்கினால் வளையாத கட்டமைப்பு கிடைத்துவிடுகிறது. அவுஸ்திரேலியாவில் லோரன்ஸ் ஹார்கிரேவ் 1893இல் பெட்டிப் பட்டத்தை உருவாக்கி, அடுத்த ஆண்டில் நான்கு பட்டங்களைத் தொடுத்துத் தன்னையே தரையிலிருந்து தூக்க வைத்தார். ரைட் சகோதரர்கள் 1899இல் தமது முதற் சோதனையைச் செய்ததும் இரட்டைத் தளம் கொண்ட ஒரு பட்டத்தில்தான்.

அக்காலத்து விமானச் சிறகு மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியது. அதை ஒற்றையாக நீட்டினால் ஒடியும். இரண்டாக அடுக்கி, நடுவே தூண்கள் நிறுத்தி, கம்பிகளால் இழுத்துக் கட்டினால் குறைந்த நீளத்திலேயே பெரிய பரப்பும் போதிய வலிமையும் கிடைத்தன. பரப்பு பெரிதாகவும் எடை குறைவாகவும் இருந்தால் விமானம் மெதுவாகப் பறக்கலாம், மெதுவாக இறங்கலாம், சிறு புல்வெளியே ஓடுபாதைக்குப் போதும். கம்பிகளும் தூண்களும் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைத்தது இதற்குக் கொடுத்த விலை. போர் விமானத்துக்கு அது தாங்க முடியாத குறையாக இருந்ததால், 1930களில் உலோகத்தாலான ஒற்றைச் சிறகு விமானங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. கற்பவருக்கோ மெதுவாகப் பறப்பது நன்மையே. போர்முனையிலிருந்து விலகிய பின்னரும் இரட்டைச் சிறகு பயிற்சிக் களத்தில் நீண்டகாலம் நிலைத்ததற்குக் காரணம் இதுதான்.

கொஸ்போட்டில் பிறந்த பாடமுறை

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் விமானப் பயிற்சி என்பது ஆபத்தைத் தவிர்க்கச் சொல்லிக்கொடுப்பதாக இருந்தது. விமானம் சுழன்று விழத் தொடங்கினால் என்ன செய்வது என்பதைப் பல ஆசிரியர்களே அறிந்திருக்கவில்லை. அந்த நிலைக்குப் போகாதே என்பதே பாடம். போன மாணவர்கள் மாண்டார்கள்.

றொபேட் சிமித்-பரி என்ற பிரித்தானிய அதிகாரி 1917இல் கொஸ்போட்டில் நடத்திய பள்ளி இதைத் தலைகீழாக மாற்றியது. மாணவன் விமானியின் உரிய இருக்கையிலேயே அமர வேண்டும். ஆசிரியர் மற்ற இருக்கையில், அதே கட்டுப்பாடுகளுடன் இருப்பார். ஆபத்தான நிலைகளுக்குள் இருவரும் வேண்டுமென்றே நுழைந்து, அவற்றிலிருந்து மீளும் வழியை மாணவன் தன் கையாலேயே செய்து கற்க வேண்டும். இயந்திர இரைச்சலுக்கும் காற்றுக்கும் நடுவே பேசுவதற்கு ஒரு ரப்பர்க் குழாய் பயன்பட்டது. ஒரு முனை ஆசிரியரின் வாயருகில், மறுமுனை மாணவனின் தலைக்கவசச் செவிகளில். இந்தப் பள்ளி அவ்ரோ 504 விமானத்தைப் பாடக் கருவியாகக் கொண்டது. கட்டுப்பாடுகளுக்கு உடனே இசைந்து, செய்த பிழையை உடனே காட்டிய விமானம் அது. எட்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டு, உலகின் பல வான்படைகளுக்குப் போனது. இன்றைய ஜெட் விமானிகளும் இரட்டைக் கட்டுப்பாட்டில் ஆசிரியருடன் பறந்து பழகுவது கொஸ்போட் வகுத்த வழியில்தான்.

டைகர் மொத்

அவ்ரோவின் இடத்தைப் பின்னர் பிடித்தது டி ஹவிலண்ட் நிறுவனத்தின் டி.எச்.82 டைகர் மொத். 1931 ஒக்டோபர் 26இல் முதன்முறை பறந்து, 1932இல் பிரித்தானிய வான்படையின் மத்தியப் பறத்தற் பள்ளியில் சேர்ந்தது. எட்டாயிரத்துக்கும் அதிகமானவை கட்டப்பட்டன.

அதன் தோற்றமே ஒரு பயிற்சித் தேவையிலிருந்து வந்தது. முந்தைய ஜிப்சி மொத் விமானத்தில் முன்னிருக்கை மேற்சிறகுக்கும் எரிபொருள் தாங்கிக்கும் நேர் கீழே இருந்தது. பரசூட் அணிந்த ஆசிரியர் ஆபத்தில் வெளியே குதிக்க முடியாது. வடிவமைப்பாளர்கள் மேற்சிறகை முன்னே தள்ளினார்கள். அதனால் தூக்குவிசையின் மையம் இடம்மாறியது. அதைச் சரிசெய்யச் சிறகுகளைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். டைகர் மொத்தை எங்கே பார்த்தாலும் அடையாளம் காட்டும் அந்தச் சாய்வு, இருக்கையிலிருந்து ஓர் ஆசிரியர் உயிர்தப்ப வேண்டும் என்பதற்காக வந்தது.

உருக்குக் குழாய்களாலான உடல், மரத்தாலான சிறகு, மேலே இறுக்கிப் போர்த்தி வார்னிஷ் பூசிய லினன் துணி. 130 குதிரைவலுக் கொண்ட, தலைகீழாகப் பொருத்திய நான்கு சிலிண்டர் இயந்திரம். சிறகின் நீளம் 9 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. வெற்று எடை ஏறக்குறைய 500 கிலோகிராம். உச்ச வேகம் மணிக்கு 175 கிலோமீற்றர். எரிபொருள் மேற்சிறகின் நடுவிலுள்ள தாங்கியிலிருந்து தன் எடையாலேயே இயந்திரத்துக்கு இறங்கும். பம்பி இல்லை, மின்னாற்றல் இல்லை, பிரேக் இல்லை. ஒருவர் முன்னே நின்று காற்றாடியைக் கையால் சுழற்றித்தான் இயந்திரத்தை உயிர்ப்பிக்க வேண்டும். வாலின் அடியில் சில்லுக்குப் பதிலாக ஒரு சறுக்குக் கட்டை. அது புல்லில் உரசியே விமானம் நிற்கும்.

இத்தனை எளிமையான விமானத்தை ஓட்டுவது இலகு, நன்றாக ஓட்டுவது கடினம் என்று அதில் பயின்றவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். கட்டுப்பாட்டுத் தண்டை ஒரு பக்கம் சாய்க்கும்போது காலால் சுக்கானையும் அளவோடு மிதிக்காவிட்டால் மூக்கு எதிர்ப்பக்கம் வழுகும். திறந்த இருக்கையில் அந்த வழுகலை மாணவன் கன்னத்திலேயே உணர்வான், காற்று ஒரு பக்கமாக வந்து அறையும். தரையிறங்கும்போது முன்பக்கம் சரியாகத் தெரியாது. பக்கவாட்டில் எட்டிப் பார்த்து உயரத்தைக் கணிக்க வேண்டும். கணிப்புத் தவறினால் விமானம் துள்ளும். மாணவனின் பிழை எதையும் அது மூடி மறைப்பதில்லை. அதேவேளை, வேகம் குறைவாக இருப்பதால் பெரும்பாலான பிழைகளைத் திருத்த நேரமும் தருகிறது. தவறு தெரிய வேண்டும், அந்தத் தவறு உயிரைக் குடிக்கவும் கூடாது. நல்ல பயிற்சி விமானத்திடம் கேட்கப்படுவது இந்த இரண்டும்தான்.

உலகின் மற்ற வான்படைகளும் இதே முடிவுக்கு வந்தன. அமெரிக்கா ஸ்டியர்மன் விமானத்தையும், ஜேர்மனி 1934இல் பறந்த புக்கர் யுங்மனையும், சோவியத் ஒன்றியம் 1920களின் இறுதியில் பிறந்த போ-2 விமானத்தையும் பயன்படுத்தின. மூன்றும் இரட்டைச் சிறகு, மூன்றும் துணி போர்த்தியவை. 1939 டிசெம்பரில் கையெழுத்தான பொதுநலவாய வான் பயிற்சித் திட்டத்தின்கீழ் கனடாவில் மட்டும் 1,31,000க்கும் மேற்பட்ட வான்படையினர் பயிற்சி முடித்தனர். விமானிகளாகத் தேறியவர்களில் மிகப் பலருக்கு முதல் வகுப்பறை டைகர் மொத்தே.

சென்னையும் ரத்மலானையும்

இந்திய வான்படை 1932 ஒக்டோபர் 8இல் சட்டப்படி தோன்றி, 1933 ஏப்ரல் 1இல் கராச்சியின் டிரிக் றோட்டில் நான்கு வபிட்டி விமானங்களுடன் இயங்கத் தொடங்கியது. அவையும் இரட்டைச் சிறகு விமானங்களே. படைக்குள் நுழையாத இந்திய இளைஞர்களுக்குப் பறக்கும் வாய்ப்பைக் கொடுத்தவை பறத்தற் கழகங்கள். சென்னைப் பறத்தற் கழகமும் அவற்றுள் ஒன்று. 1940இல் இங்கிலாந்துக்குப் போரிடச் சென்ற 24 இந்திய விமானிகள் கழகங்களில் உரிமம் பெற்றவர்கள். குடிமக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பறந்து பழகிய சிறு விமானங்கள், போர் வந்ததும் ஒரு வான்படைக்கு ஆள் கொடுத்தன. போரின்போது பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் இயங்கிய ஆரம்பப் பறத்தற் பள்ளிகள் டைகர் மொத்தையே நம்பியிருந்தன.

சென்னைக் கழகத்தின் பயிற்சியாளர்களில் ஒருவராக இருந்தவர் கப்டன் வி. சுந்தரம். அவருடைய மனைவி உஷா சுந்தரம், சுதந்திர இந்தியாவில் பெங்களூர் ஜக்கூர் அரசுப் பறத்தற் பள்ளியில் 1949இல் பயிற்சி முடித்து விமானியானவர். சென்னை அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை இத்தம்பதியர் 1951இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்தனர்.

சென்னைக்கும் இலங்கை வானுக்குமான உறவு அதற்கும் முந்தியது. 1935 நவம்பர் 27இல் ரத்மலானையில் முதலில் இறங்கிய விமானத்தை ஓட்டி வந்தவர் சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல்-பிஸ்கோ. அவர் வந்தது டி ஹவிலண்ட் குடும்பத்தின் மூடிய, ஒற்றைச் சிறகுப் புஸ் மொத் விமானத்தில். இலங்கையின் முதல் விமான நிலையத்தைத் திறந்துவைத்தது சென்னையின் பயிற்சி மரபு என்று தயங்காமல் சொல்லலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1947 டிசெம்பர் 10இல், எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. மருதனார்மடத்தைக் கடந்து சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று வடக்கே போகும் காங்கேசன்துறை வீதி, ஒரு சர்வதேச வான்வழியோடு இணைந்தது அன்றுதான்.

போர்க்கால வடக்கும் கிழக்கும்

பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படை அமைத்தது. ஆவணங்களில் அதன் பெயர் காங்கேசன்துறை. 1945இல் 203ஆம் படையணி அங்கிருந்து நான்கு இயந்திர லிபரேட்டர் விமானங்களை வங்காள விரிகுடாவின்மேல் அனுப்பியது. வலிகாமத்துச் செம்மண்ணிலிருந்து அந்தப் பாரிய விமானங்களைத் தூக்கிய விமானிகளில் பெரும்பாலானோர் தமது முதல் மணித்தியாலங்களை டைகர் மொத் போன்ற ஒரு சிறு விமானத்தில் கழித்தவர்கள்தாம்.

இரட்டைச் சிறகின் வரம்பு என்ன என்பதையும் இலங்கையின் வானே காட்டியது. 1939இல் திருகோணமலை சீனக்குடாவில் அமைந்த 273ஆம் படையணி வில்டபீஸ்ட் என்ற பழைய இரட்டைச் சிறகு விமானங்களை வைத்திருந்தது. 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கிய காலையில், சீனக்குடாவிலிருந்து புறப்பட்டுவந்த கடற்படையின் ஆறு சுவோட்பிஷ் இரட்டைச் சிறகு விமானங்கள் சீரோ போர் விமானங்களிடம் அகப்பட்டன. ஆறுமே வீழ்த்தப்பட்டன. அவை சேர்ந்திருந்த 788ஆம் அணி, முன்னணிக் கப்பல்களுக்கு விமானிகளை ஆயத்தப்படுத்தும் சேமிப்பு அணி. மெதுவாகப் பறப்பது பள்ளியில் காக்கும், போரில் கொல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1951: ஒரு மாற்றத்தின் ஆண்டு

இந்தியாவும் இலங்கையும் டைகர் மொத் யுகத்திலிருந்து விலகத் தொடங்கியது ஒரே ஆண்டில். 1951 ஆகஸ்டில் பெங்களூரில் வி. எம். காட்கே வடிவமைத்த எச்.ரி.-2 பறந்தது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய இந்த ஒற்றைச் சிறகு விமானம் இந்திய வான்படையில் டைகர் மொத்தின் இடத்தை நிரப்பியது. ஒரு நாடு தன் வான் தொழில்துறையைப் பயிற்சி விமானத்திலிருந்து தொடங்கியது ஆழ்ந்து நோக்க வேண்டிய தெரிவு. மாணவனுக்குப் பாதுகாப்பான விமானத்தைக் கட்டப் பழகிய கைகளே பின்னர் கடினமானவற்றைக் கட்டும்.

அதே 1951இன் மார்ச் 2இல் றோயல் சிலோன் வான்படை பிறந்தது. அதன் முதல் ஆரம்பப் பயிற்சி விமானம் சிப்மங். டைகர் மொத்துக்கு மாற்றாக, டி ஹவிலண்டின் கனடாக் கிளையில் போலந்துப் பொறியியலாளர் யாகிமியுக் வடிவமைத்து, 1946இல் பறந்த உலோக உடல் விமானம் அது. இலங்கையின் வான்படை இரட்டைச் சிறகின் அந்திக்காலத்தில் பிறந்ததால், அதன் முதல் பாடங்கள் ஒற்றைச் சிறகிலேயே நடந்தன. இன்று ரத்மலானையிலுள்ள வான்படை அருங்காட்சியகத்தில் டைகர் மொத் ஒன்றைப் பார்க்கலாம். இந்திய வான்படையோ தன் டைகர் மொத் ஒன்றைப் புதுப்பித்து, 2012 ஒக்டோபர் 8இல் எண்பதாம் ஆண்டு விழாவில் மீண்டும் பறக்கவிட்டது.

பயிற்சி விமானம் ஆயுதமாகும்போது

இந்த வரலாற்றை அழகிய பழம்பொருளின் வரலாறாக மட்டும் எழுதிவிட முடியாது. குறிப்பாக, யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுபவரால் முடியாது.

அவ்ரோ 504 பள்ளிக்கு வருமுன் போருக்குப் போனது. 1914 நவம்பரில் மூன்று அவ்ரோ விமானங்கள் ஜேர்மனியின் செப்பலின் தளத்தில் குண்டு வீசின. 1940இல் பிரித்தானியா படையெடுப்பை அஞ்சியபோது, டைகர் மொத்துகளின் அடியில் சிறு குண்டுகளைத் தொங்கவிட ஏற்பாடு நடந்தது. சோவியத்தின் போ-2இல் பறந்த பெண்கள் படையணி, இரவில் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துச் சறுக்கியபடி வந்து ஜேர்மன் நிலைகளின்மேல் குண்டு வீசியது. போர் முடிவதற்குள் அவர்கள் 23,000க்கும் மேற்பட்ட தடவைகள் பறந்தனர். மறுபக்கத்தில், பர்மாப் போர்முனையில் டைகர் மொத்தின் பின்னுடலைத் திறந்து ஒரு காயப்பட்டவரைக் கிடத்தி, காட்டு வெளிகளிலிருந்து மீட்டார்கள்.

இலங்கையிலும் பயிற்சி விமானங்கள் ஆயுதமாயின. 1971 கிளர்ச்சியின்போது களஞ்சியத்தில் கிடந்த ஜெட் புறொவொஸ்ட் பயிற்சி விமானங்களை எடுத்துத் தாக்குதலுக்கு அனுப்பினார்கள். 1985இலிருந்து யாழ்ப்பாண மக்கள் சியாமாசெட்டி என்று பெயர் சொல்லி அஞ்சிய சியாய் மார்செட்டி எஸ்.எப்.260, அடிப்படையில் இத்தாலியின் ஸ்டெலியோ பிராட்டி வடிவமைத்த விளையாட்டு மற்றும் பயிற்சி விமானம். 2007 மார்ச் 26இல் விடுதலைப் புலிகள் கட்டுநாயக்காவின்மேல் பறக்கவிட்டதும், செக் நாட்டில் பயிற்சிக்கும் சுற்றுலாவுக்கும் என்று கட்டிய ஸ்லின் 143 வகையே.

எந்தத் தரப்பு என்பது இங்கே கேள்வியில்லை. குறுகிய, கரடான தரையில் ஏறி இறங்குவது, குறைந்த செலவில் ஓடுவது, எளிய கருவிகளால் பழுதுபார்க்க முடிவது, மெதுவாகப் பறப்பது ஆகிய பண்புகள் மாணவனுக்காகத் தரப்பட்டவை. வளம் குறைந்த ஒரு படைக்கும் அதே பண்புகள்தான் தேவைப்படுகின்றன. ஆகவே ஒரு விமானம் பள்ளியாகத் தொடர்வதும் ஆயுதமாக மாறுவதும் அதன் வடிவமைப்பால் முடிவாவதில்லை. அதைக் கையில் வைத்திருக்கும் அரசும் அமைப்பும் சமூகமும் எதைக் கற்பிக்க விரும்புகின்றன என்பதே அதை முடிவுசெய்கிறது. இக்கட்டுரை வந்தடையும் தீர்ப்பு இது.

செய்ய வேண்டியவை

2019 ஒக்டோபர் 17இல் பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னைச் சேவை தொடங்கி, இடையில் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் வந்தது. 1947இல் தொடங்கிய வழி புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. இத்துடன் நாம் நிறைவடைந்துவிடக் கூடாது.

முதலாவதாக, பலாலியின் முழு வரலாற்றையும் தமிழில் எழுத வேண்டும். ஓடுதளம் அமைந்த காலத்தில் நிலம் எப்படி மாறியது, எயார் சிலோன் காலத்தில் யார் பறந்தார்கள், 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது என்ன நடந்தது என்பதெல்லாம் ஒரே வரலாற்றின் பகுதிகள். நினைவுள்ள முதியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்ய வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறை இதைத் தன் கடமையாக எடுத்துக்கொள்ளட்டும்.

இரண்டாவதாக, வல்வெட்டித்துறையின் பட்டக் கலைஞர்களையும் கிளிநொச்சியிலுள்ள பொறியியற் பீடத்தையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டும். காற்றைப் படிக்கும் கைத்திறனும் காற்றைக் கணக்கிடும் அறிவும் சந்திக்கும் இடத்தில்தான் ஹார்கிரேவ் போன்றோர் உருவானார்கள். பாடசாலை மட்டத்தில் மாதிரி விமானக் கழகங்கள் தொடங்குவதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை.

மூன்றாவதாக, வடக்கில் குடிமக்களுக்கான ஒரு பறத்தற் கழகம் வேண்டும் என்ற கோரிக்கையை எழுப்ப வேண்டும். சென்னையில் ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் சாத்தியமானது இங்கே இன்று சாத்தியமாகாது என்று கருதக் காரணம் எதுவும் இல்லை. இராமநாதன் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவி விமானியாக விரும்பினால், அவள் தன் முதல் பாடத்தைத் தன் ஊரிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் கற்க வேண்டும். வான்வெளியைக் கற்கும் இடமாக நம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும் பொறுப்பை நிர்வாகிகளும் ஆசிரியர்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் சேர்ந்து ஏற்க வேண்டும்.